ஐந்தாவது நாற்காலி: நெறிமுறைக் குழுக்களின் பொதுநபர் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் புற்றுநோய் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்களில் பொதுநபர் உறுப்பினர்களாக அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய பெருமக்களுக்கு,



மனிதர்களை உட்படுத்தும் எந்த மருத்துவ ஆய்வும் தொடங்குமுன், ஆய்வை நடத்துவோரிடமிருந்து விலகி நிற்கும் ஒரு குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்பதும், அதற்கு நெறிமுறைக் குழு என்று பெயர் என்பதும் தாங்கள் அறிந்தவையே. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், இக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் குறைந்தது பாதிப் பேர் ஆய்வு நடைபெறும் நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும் என்றும், ஒரு முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் ஐந்து வகையினர் கூட்டத்தில் இருந்தாக வேண்டும் என்றும் கூறுகின்றன. மருத்துவ அறிவியலாளர், சிகிச்சை அளிக்கும் மருத்துவர், சட்ட வல்லுநர், சமூக அறிவியலாளரோ தொண்டு நிறுவனப் பிரதிநிதியோ அவர்களைப் போன்ற வேறொருவரோ என நான்கு வகையினரை வரிசைப்படுத்திய பிறகு, அவ்விதிகள் ஐந்தாவதாகக் குறிப்பிடுவது பொதுநபரை. மற்ற நால்வரும் தத்தம் படிப்பின் பேரிலும் பணியின் பேரிலும் அந்த மேசைக்கு வருகிறார்கள். ஐந்தாமவர் வருவது அந்தப் படிப்பு இல்லாததன் பேரில். புற்றுநோய் மருந்தாய்வில் பொதுமக்களுக்கென்று சட்டம் கட்டாயமாக்கிய நாற்காலி இது என்பதால், இம்மடல் மருத்துவர்களுக்கோ அரசுக்கோ எழுதப்படாமல் தங்களுக்கு எழுதப்படுகிறது.

நோயாளிகளையும் பொதுமக்களையும் ஆய்வில் ஈடுபடுத்துதல் என்னும் தொடர் அண்மைக் காலத்தில் அடிக்கடி காதில் விழுகிறது; அதன் பொருள் மட்டும் பங்கேற்பு என்பதோடு குழம்பிப் போகிறது. ஆய்வுக்கு உட்பட்டு மருந்தை உண்பதும், இரத்தம் கொடுப்பதும், வினாப் படிவத்தை நிரப்புவதும் பங்கேற்பு. எதை ஆராய்வது, எதனோடு எதை ஒப்பிடுவது, எந்த அளவுகோலைக் கொண்டு வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது, கிடைத்த முடிவை யாரிடம் எந்த மொழியில் சொல்வது என்பவற்றில், நோயைத் தாங்கியவரும் தாங்கப் போகிறவரும் அவர்களைப் பராமரிப்பவரும் கலந்து முடிவெடுப்பது ஈடுபாடு. பிரிட்டனில் 1996இல் அரசு ஆதரவுடன் தொடங்கிப் பின்னர் ‘இன்வால்வ்’ என்று பெயர் பெற்ற அமைப்பு, மக்கள்மீது நடத்தப்படும் ஆய்வுக்கும் மக்களோடு சேர்ந்து நடத்தப்படும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டையே தன் வரையறையின் மையத்தில் வைத்தது. தமிழில் அதை விளக்க நீண்ட வரையறைகூட வேண்டியதில்லை. நோயாளியை ஆராய்வது இரண்டாம் வேற்றுமை, நோயாளியோடு ஆராய்வது மூன்றாம் வேற்றுமை, அவ்வளவுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொதுநபர் என்பவர் யார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கின்றன. அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், கடந்த ஐந்து ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த பணியில் இல்லாதவராகவும், வட்டார மொழியையும் பண்பாட்டையும் அறிந்தவராகவும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்களோ அதன் பிரதிநிதியாகவும் அவர் இருக்கலாம். நன்மையையும் இடரையும் பங்கேற்பாளரின் பக்கத்திலிருந்து எடைபோட்டுச் சொல்வது அவருடைய பொறுப்பு. ‘இருக்கலாம்’ என்னும் அந்தச் சொல்லில்தான் நெகிழ்வு நுழைந்துவிடுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி அலுவலரோ இப்பொறுப்பை ஏற்பதில் விதிமீறல் ஏதுமில்லை, அவர்களுடைய நேர்மையிலும் ஐயமில்லை. ஆனால் கீமோதெரபி ஏற்றிக்கொண்ட மறுநாள் வாய்க்குள் தங்கிவிடும் உலோகச் சுவை எத்தகையது, அடுத்த சுற்றுக்குப் போவதா வேண்டாமா என்று இரவு முழுவதும் விழித்திருப்பது எத்தகையது என்பவற்றை நேர்மை மட்டும் கற்றுத் தந்துவிடாது. நோயாளியின் பெயரால் பேசும் பொறுப்பு, நோயாளியிடம் கேட்டுவிட்டுப் பேசும் பொறுப்பும் ஆகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலத்தைப் பற்றியது. குழுவின் மேசைக்குக் கோப்பு வந்து சேரும்போது, ஆய்வின் முதன்மையான முடிவுகள் அனைத்தும் எடுக்கப்பட்டிருக்கும். எந்த மருந்து, எவ்வளவு அளவு, ஒப்பீட்டுப் பிரிவினருக்கு என்ன சிகிச்சை, எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டும், எத்தனை முறை திசுத்துணுக்கு எடுக்கப்படும், எதை அளந்து முடிவு சொல்வது என்பதெல்லாம், பல வேளைகளில் வேறொரு நாட்டிலுள்ள மருந்து நிறுவனத்தின் அலுவலகத்தில், மாதக்கணக்கில் விவாதித்து முடிக்கப்பட்ட பிறகே அது அச்சாகிக் கைக்கு வருகிறது. அப்போது பொதுநபருக்கு மிஞ்சியிருப்பது ஒப்புதல் படிவத்தின் தமிழில் பிழை திருத்துவதும், இழப்பீட்டுத் தொகையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதும்தான் என்ற நிலை உருவாகிவிடுகிறது. கட்டி முடித்த வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா அன்று வந்தவரிடம் அடுக்களையை எந்தத் திசையில் வைக்கலாம் என்று யோசனை கேட்பதை ஒத்தது இது.

இம்முடிவுகளுள் நோயாளியின் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடியவை சில உண்டு. ஆய்வின் வெற்றியை அளக்கும் அளவையை அவற்றுள் முதலாவதாகக் கருதலாம். புற்றுநோய் மருந்தாய்வுகளில் பரவலாகப் பயன்படும் அளவைகளுள் ஒன்று ‘நோய் முன்னேறாக் காலம்’ என்பது. அதாவது, ஆய்வில் சேர்ந்த நாள்முதல், ஸ்கேனில் அளந்த கட்டிகளின் விட்டங்களுடைய கூட்டுத்தொகை குறிப்பிட்ட அளவுக்கு, பொதுவாக 20 விழுக்காட்டுக்கு, மேல் பெருகாமலும் புதிய கட்டி தோன்றாமலும் நோயாளி உயிருடன் கழிக்கும் காலம். உயிர்வாழும் மொத்தக் காலத்தை அளக்க ஆண்டுகள் பல ஆகும் என்பதால் இந்த அளவை ஆய்வை விரைவில் முடிக்க உதவுகிறது. ஆயினும் இது நீண்டதாலேயே நோயாளி கூடுதல் நாள் வாழ்வார் என்றோ, வாழும் நாளில் வலி குறைந்திருப்பார் என்றோ உறுதி சொல்ல இயலாது. ஸ்கேன் படத்தில் இரண்டு மாதம் அசையாமல் நின்ற கட்டி, அந்த இரண்டு மாதமும் வாய்ப்புண்ணோடும் வயிற்றுப்போக்கோடும் கழிந்ததா என்பதைச் சொல்லாது. இதையொட்டியே, சிகிச்சையின் பொருட்டுப் பயணத்திலும் காத்திருப்பிலும் மருத்துவமனைப் படுக்கையிலும் கழியும் நாள்களைக் கணக்கிட்டு அவற்றையும் மருந்தின் நச்சுவிளைவாகக் கருத வேண்டும் என்று, வட அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மூவர் 2022இல் ‘கால நச்சு’ என்னும் கருத்தை முன்வைத்தனர். அவர்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். விடியற்காலைப் பேருந்தில் வந்து மாலைவரை வெளிநோயாளிகள் பிரிவின் பெஞ்சில் டோக்கனோடு அமர்ந்திருப்பவருக்கு அது பெயரில்லாமலே தெரிந்த செய்தி.

நோயாளியின் சொல் வெறும் முறையீடு அன்று, அளக்கத்தக்க தரவு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், முற்றிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுவந்த 766 பேர் இரு பிரிவுகளாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் தம் வாந்தி, வலி, சோர்வு முதலியவற்றைக் கணினி வழியே தாமே பதிவு செய்யவும், தொல்லை மிகும்போது செவிலியருக்கு உடனே எச்சரிக்கை போகவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, தாமே பதிவு செய்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 26 மாதம். இவ்வளவு வேறுபாட்டைத் தரும் புதிய மருந்தொன்று வந்திருந்தால் அது நாளிதழின் முதற்பக்கத்தில் இடம்பெற்றிருக்கும்.

மருந்தின் அளவைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். பழைய கீமோதெரபி மருந்துகளின் காலத்தில், உடல் தாங்கக்கூடிய உச்ச அளவைக் கண்டறிந்து அதையே கொடுப்பது வழக்கமாயிற்று. நஞ்சு கூடினால் நோயும் கூடுதலாகச் சாகும் என்பது அதன் அடிப்படை. குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் தாக்கும் புதிய மருந்துகளுக்கு இந்தக் கணக்கு பல நேரங்களில் பொருந்துவதில்லை என்ற போதிலும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் உடலெங்கும் பரவிய நிலையில் வாழ்ந்தவர்களே முன்னின்று நடத்திய ஒரு கணக்கெடுப்பில் 1,221 பேர் விடையளித்தனர். அவர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் சிகிச்சையால் கடுமையான பக்கவிளைவு ஒன்றையேனும் அடைந்ததாகக் கூறினர். அதன் முடிவுகள் வெளியான 2021ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, உச்ச அளவுக்கு மாறாக உகந்த அளவைத் தேடும்படி நிறுவனங்களை வற்புறுத்தும் திட்டத்தைத் தொடங்கியதுடன், நுரையீரல் புற்றுநோய்க்கான சோட்டோராசிப் மருந்தை நாளொன்றுக்கு 960 மில்லிகிராம் என்ற அளவில் அனுமதித்தபோதே, அதனை 240 மில்லிகிராமோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

அடுக்களைக்கு இன்னும் அருகிலுள்ள சான்று ஒன்றும் இருக்கிறது. புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்குத் தரப்படும் அபிராடெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் உட்கொள்ள வேண்டும் என்பது விதி. உணவோடு உண்டால் அது பன்மடங்கு உடலில் ஏறும் என்பதும் தெரிந்த செய்தியே. அப்படியானால் கால்பங்கு மாத்திரையைக் காலை உணவோடு உண்டால் என்ன என்று யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வியை, 2018இல் வெளியான 72 பேரைக் கொண்ட ஒரு சிற்றாய்வு எடுத்துக்கொண்டு, கொழுப்புக் குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம், நோயின் குருதிக் குறியீட்டைக் குறைப்பதில் முழு அளவுக்குச் சளைக்கவில்லை என்று கண்டது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 2023இல் அச்சிட்ட ஆய்வு இதைவிடத் துணிவானது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து உலக வழக்கப்படி இரு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் தரப்படுவது. அதன் விலையைக் கொடுக்கக்கூடிய இந்தியர் மிகச் சிலரே என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராமை மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்துப் பார்த்தபோது, ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர். இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் மருத்துவர்கள்தாம். ஆனால் அது பிறந்த இடம் நோயாளியின் காலியான சட்டைப்பை. நோயாளிகளை மேசைக்கு அழைத்தால் ஆய்வின் தரம் தாழும் என்று அஞ்சுவோர், இத்தகைய கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த மேசைக்கு நோயாளிகள் அழைப்பின் பேரில் மட்டும் வந்துவிடவில்லை என்பதும் வரலாறு. 1970களின் அமெரிக்காவில், மார்பில் கட்டியோடு வரும் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தித் திசுத்துணுக்கை எடுத்து, அது புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பையும் அதன்கீழுள்ள தசைகளையும் அகற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. மார்பு இருக்குமா இருக்காதா என்பது கண் விழிக்கும்வரை அப்பெண்ணுக்குத் தெரியாது. 1974இல் நோய் கண்டறியப்பட்ட ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் இவ்வழக்கத்துக்கு உடன்பட மறுத்து, அதற்கான அறிவியல் அடிப்படையைத் தேடிப் படித்துத் தொடர்ந்து எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவில் மருத்துவரல்லாத உறுப்பினராகவும் அமர்ந்தார். நோயறிதலும் அறுவை சிகிச்சையும் வெவ்வேறு நாள்களில் நடக்க வேண்டும், இடைப்பட்ட காலத்தில் அப்பெண் சிந்தித்து முடிவெடுக்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரையாக வெளிவந்தது. அதற்கடுத்த தலைமுறை 1991இல் தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பை உருவாக்கி, 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறையின் வரவுசெலவில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கென 21 கோடி டாலர் ஒதுக்கும்படி செய்தது. இராணுவத்தின் பணத்தில் புற்றுநோய் ஆய்வு என்பது விந்தையாகத் தோன்றலாம். அதைவிட விந்தையானது, 1995 முதல் அத்திட்டத்தில் எந்த ஆய்வுக்குப் பணம் தருவது என்று மதிப்பிடும் குழுக்களில், நோயிலிருந்து மீண்டவர்கள் அறிவியலாளர்களோடு சமமான வாக்குரிமையுடன் அமர்த்தப்பட்டது.

இதைக் கேட்டவுடன், அறிவியல் படிக்காதவர் எப்படி மதிப்பிடுவார் என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கூட்டமைப்பு அதற்கு விடையாகத் தன் உறுப்பினர்களுக்கு உயிரியலையும் புள்ளியியலையும் கற்பிக்கும் வகுப்புகளைத் தொடங்கிற்று. ஆனால் எதிர்ப்பக்கத்தின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் கூடாது, ஏனெனில் நோயாளிகளின் குரல் தவறாகப் போன காலமும் உண்டு. 1990களில், மிகுந்த அளவு கீமோதெரபி கொடுத்து எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை முற்றிய மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவியபோது, அதற்கான செலவை ஏற்க மறுத்த காப்பீட்டு நிறுவனங்கள்மீது நோயாளிகளும் குடும்பத்தினரும் வழக்குத் தொடுத்தனர். 1993இல் ஒரு வழக்கில் நடுவர் குழு (ஜூரி) 8.9 கோடி டாலர் வழங்கும்படி கூறிற்று. ஆய்வுக்கு வெளியிலேயே அச்சிகிச்சை கிடைத்துவிட்டதால் முறையான ஒப்பீட்டு ஆய்வுகளில் சேர ஆளின்றி அவை ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. 1999இல் முடிவுகள் வெளியானபோது பயனில்லை என்று தெரிந்தது. பயனுண்டு என்று காட்டிய ஒரே ஆய்வு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, மோசடி என்று மறு ஆண்டு நிறுவப்பட்டது. மேற்சொன்ன கூட்டமைப்போ, ஆய்வுக்கு வெளியே இதைக் கொடுக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில் நின்றது. ஆகவே நோயாளி என்பதாலேயே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. சான்றைப் படிக்கக் கற்ற நோயாளியும், விரக்தியில் நிற்கும் நோயாளியும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை தருவர் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. மருந்து நிறுவனங்களின் நன்கொடையில் இயங்கும் நோயாளி அமைப்புகளைப் பற்றியும், அவற்றின் வரவுகணக்கைக் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று தோன்றுமானால், திண்டுக்கல் மாவட்டத்துக்கு வரலாம். அம்பிளிக்கையிலுள்ள ஒரு சமுதாய நலவாழ்வு மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து அங்கு நடத்திய ஆய்வு, கருப்பைவாய்ப் புற்றுநோயின் வரலாற்றில் உலகறிந்தது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவினால் நோய்க்கு முந்தைய மாற்றமடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். ஆய்வகமோ நுண்நோக்கியோ இன்றிப் பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். ஊர்த்தொகுதிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பிரிவில் 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்களுக்கு இப்பரிசோதனை அளிக்கப்படும் என்று வைத்தனர். மறுபிரிவில் 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவுப்படி, பரிசோதனைப் பிரிவில் நோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. ஏழை நாடுகள் பலவற்றின் மகளிர் நலத் திட்டங்களுக்கு இது அடித்தளங்களுள் ஒன்றாயிற்று; இதைக் குறைத்து மதிப்பிட எக்காரணமும் இல்லை.

ஆயினும் அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் உண்டு. பரிசோதனைக்கு உரியவர்களான 49,311 பேருள் உண்மையில் வந்தவர்கள் 31,343 பேர். எஞ்சிய 17,968 பெண்கள் ஏன் வரவில்லை? களையெடுப்புக் கூலி ஒரு நாள் போய்விடும் என்பதாலா, கணவரோ மாமியாரோ அனுப்பவில்லை என்பதாலா, நோயில்லாத உடம்பைக் காட்டுவதில் கூச்சமா, கருத்தடை முகாம்களின் பழைய நினைவா, இந்த விடைகளுள் எதையும் லியோனிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊர்களின் பெண்கள் பத்துப் பேர் திட்டம் தீட்டும்போதே உடனிருந்தால், முகாமின் நேரத்தையும் இடத்தையும் அழைக்கும் சொல்லையும் அவர்களே மாற்றச் சொல்லியிருக்கக்கூடும். வந்தவர்களின் தொகை கூடினால் புள்ளியியல் வலுப்பெறுகிறது. ஈடுபாடு என்பது மக்கள்மீது காட்டப்படும் இரக்கமன்று, ஆய்வின் முறையியலைச் சேர்ந்தது.

திண்டுக்கல், மும்பை, மராட்டியத்தின் உஸ்மானாபாத் ஆகிய மூன்றிடங்களிலும் நடந்த இத்தகைய ஆய்வுகளைப் பற்றிப் பின்னாளில் கடுமையான விவாதம் எழுந்தது. கருப்பைவாய்ப் பரிசோதனை உயிரைக் காக்கும் என்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்டிருக்க, ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களை எந்தப் பரிசோதனையும் இன்றி விட்டுவைத்தது முறையா என்று ஒரு சாரார் கேட்டனர். அவ்வூர்களில் முன்பும் எந்தப் பரிசோதனையும் இருந்ததில்லை, ஏழை நாட்டில் எது பயன்படும் என்பதை இவ்வாறன்றி அறிய வழியில்லை என்று மறுசாரார் விடையளித்தனர். இரு பக்கத்திலும் பொருள் உண்டு. இவ்விவாதம் நடந்ததோ வல்லுநர்களுக்கிடையே, ஆங்கில ஆய்விதழ்களில், ஆய்வு முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னர். ஒப்பீட்டுப் பிரிவில் சேர்க்கப்படப் போகிற ஒருத்தியிடம், ‘உன் ஊருக்கு இப்போது இது வராது, பக்கத்து ஊருக்கு வரும், காரணம் இது’ என்று சொல்லி அவள் கருத்தைக் கேட்பது, அந்த விவாதத்தைத் தொடங்க வேண்டிய இடம்.

கேட்காமல் விட்டால் விலை எவ்வளவு என்பதை அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டமும் குஜராத்தின் வடோதரா மாவட்டமும் காட்டின. 2009இல் அங்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போடப்பட்டது. இறப்புச் செய்திகள் வந்ததும் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. அதே விசாரணை, விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியரின் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்ததையும் கண்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கண்டித்து அறிக்கை அளித்தது. பழி விழுந்தது கையெழுத்தின்மீது மட்டுமன்று, தடுப்பூசியின்மீதும்தான்; அதன்பின் பல ஆண்டுகள் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் நுழையவே இல்லை.

கையெழுத்து என்றதும் மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தங்களுக்கு மிகுந்த உரிமை உள்ள களம் அது. தமிழில் ‘பரிசோதனை’ என்பது இரத்தப் பரிசோதனையையும் குறிக்கும், புதிய மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதையும் குறிக்கும். ஒரு நோயாளி எந்தப் பொருளைக் கேட்டுக்கொண்டு தலையசைத்தார் என்பது படிவத்திலிருந்து தெரியாது. யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல் தற்செயலுக்கு விடும் முறையைச் ‘சமவாய்ப்பு’ என்றால் அது கணக்குப் புத்தகத்துச் சொல். ‘குலுக்கல்’ என்றால் பரிசு விழும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. ‘திருவுளச் சீட்டு’ என்றால் கிடைத்த மருந்து கடவுள் கொடுத்ததாகிவிடுகிறது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் எந்த மருந்து என்று தெரியாமல் நடத்தும் முறையை ‘இரட்டைக் குருட்டு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அதைப் படிப்பவர் என்ன நினைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இச்சொற்களுள் எது பொருந்தும் என்பதை மொழிபெயர்ப்பு நிறுவனம் தீர்மானிக்க முடியாது. சிகிச்சை முடித்துச் சென்ற நால்வருக்குப் படித்துக் காட்டி, அவர்களை அவர்கள் சொல்லிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும்.

இதனினும் ஆழமான தடை வீட்டுக்குள் இருக்கிறது. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாதீர்கள், ‘கட்டி’ என்று மட்டும் சொல்லுங்கள் என்று மகனோ மகளோ மருத்துவரைத் தனியே கேட்டுக்கொள்வது இம்மண்ணில் புதிதன்று. அது அன்பினால் செய்யப்படுவது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் தனக்குப் புற்றுநோய் என்று அறியாத ஒருவர் புற்றுநோய் ஆய்வுக்கு அறிந்து ஒப்புதல் தருவது எப்படி? மேலை நாட்டு ஈடுபாட்டு முறைகளை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாமல் போவது இவ்விடத்தில்தான். கோப்பைக் கையில் வைத்திருப்பவரும், மாத்திரை வேளையை நினைவில் வைத்திருப்பவரும், கடன் வாங்கியவரும் பெரும்பாலும் கூட வந்த மகளோ மருமகனோ என்பதால், இந்நாட்டில் பராமரிப்பவரையும் அழைக்காத ஈடுபாடு பாதி ஈடுபாடுதான். அதே வேளையில், நோயாளியின் வாயை அடைத்துவிட்டுப் பராமரிப்பவர் பேசுவதற்கும் அது இடமாகிவிடக் கூடாது.

மக்களை ஈடுபடுத்துவதற்கான முன்மாதிரிகளுக்குத் தமிழகம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடையாறு புற்றுநோய் நிலையம் எந்த அரசுத் திட்டத்திலிருந்தும் பிறக்கவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், இந்திய மாதர் சங்கம் பொதுமக்களிடம் திரட்டிய நிதியோடு 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. எச்ஐவி ஆய்வில் சென்னை இன்னொரு படி முன்னே போயிருக்கிறது. அன்று காசநோய் ஆய்வு மையம் என்று வழங்கிய சேத்துப்பட்டு நிறுவனத்தில் 2006இல் எச்ஐவி தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வு நடந்தபோது, வட்டார மக்களைக் கொண்ட சமுதாய ஆலோசனைக் குழு ஒன்று அதனுடன் இயங்கியது. எச்ஐவிக்கு முடிந்த ஒன்று, இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாக மதிப்பிடப்பட்ட நோய்க்கு முடியாது என்பதற்குக் காரணம் கற்பிப்பது கடினம்.

இனி, தங்களிடம் கேட்கப்படுவது பெரிய சீர்திருத்தம் எதுவுமன்று. ஒப்புதல் கோரி வரும் ஒவ்வொரு புற்றுநோய் ஆய்வைப் பற்றியும், இத்திட்டம் இறுதியாகுமுன் இதே நோயைத் தாங்கிய எவரேனும் இதைப் பார்த்தாரா, பார்த்திருந்தால் அவர் சொன்னதால் எது மாறியது என்று முதன்மை ஆய்வாளரிடம் கேட்கலாம். ‘பார்த்தார், எதுவும் மாறவில்லை’ என்ற விடை வருமானால் அது பார்த்ததாகாது என்று கொள்ளலாம். ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தை நோயாளிகள் சிலர் படித்துப் பார்த்தபின்னரே ஏற்க முடியும் என்று சொல்லலாம். அப்படி வருவோருக்குப் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் ஆய்வின் நிதியிலிருந்து தரப்பட வேண்டும் என்று கேட்கலாம், ஏனெனில் மற்றவர்கள் ஊதியத்தோடு அமர்ந்திருக்கும் அறையில் நோயாளி மட்டும் சொந்தச் செலவில் அமர்வது முறையாகாது. முடிவுகள் வெளியாகும்போது அவற்றைப் பங்கேற்றவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கத்தில் அனுப்புவதாக உறுதி பெறலாம். தங்கள் பதவிக்காலம் முடியும்போது, அந்த நாற்காலிக்குச் சிகிச்சை முடித்த ஒருவரின் பெயரைப் பரிந்துரைக்கலாம்; வழிகாட்டு நெறியின் ‘இருக்கலாம்’ அதற்கு இடம் தருகிறது.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தால் அந்தக் கூட்டம் எடுக்கும் முடிவு செல்லாது என்று இருக்கும் விதியே சொல்லிவிட்டது. ஆகவே, அடுத்த கூட்டத்தில் முதல் கோப்பு திறக்கப்பட்டவுடன் இதே நோயைத் தாங்கிய எவரேனும் இதைப் பார்த்தாரா என்னும் அந்தக் கேள்வியைக் கேட்டு, வரும் விடை எதுவானாலும் அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுமாறு தங்களை இம்மடல் வேண்டிக்கொள்கிறது.